கார்ட்டர் என்ற பெயருள்ள சாரதி

பொலிஸ் வாக்குமூலம். பெயர்: வீரய்யா சுதர்ஷினி. வயது: 34. தொழில்: முன்பள்ளி ஆசிரியை. முகவரி: மேல்பிரிவு லயம், மஸ்கெலியா.

விபத்துக்குள்ளான தனியார் பஸ்ஸின் சாரதி கஜேந்திரன் கார்ட்டரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். உறவினர் அல்ல. சாரதி அனுமதிப்பத்திரத்தில் வெள்ளைக்காரப் பெயர் இருப்பது ஏன் என்று கேட்கப்பட்டது. அவருடைய பாட்டனாரின் தகப்பன் இங்கே தேயிலைத் தோட்டத்துத் துரையாக இருந்த வெள்ளைக்காரர். துரை சீமைக்குப் போன பிறகு குடும்பத்துக்கு மிஞ்சியது அந்தப் பெயர் மாத்திரமே. "கார்ட்டரண்ணன் பஸ் போயிருச்சா?" என்று கேட்டுத்தான் நாங்கள் ரோட்டில் நிற்போம். ஒருமுறை நானும் அந்தப் பெயரைப் பற்றி விசாரித்தேன். "அவங்க ஊர்ல கார்ட்டர்னா வண்டியில சாமான் ஏத்திட்டுப் போறவன்னு அர்த்தமாம் டீச்சர். தொரைக்குப் பொருந்தல, எனக்குப் பொருந்துது" என்றார்.

சம்பவத்துக்கு முதல் நாள் மாலை, பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் பஸ் முதலாளிக்கு போனில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மறுநாள் காலை நானும் மகளும் ஹட்டன் போக ஏறியபோது, ஆள் விட்டுப் பிரேக்கைச் சரிபார்த்தாயிற்று என்று முதலாளி சொன்னதாகக் கார்ட்டர் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்தது. இறக்கத்தில் அவர் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தார். அதன் பின்னர் கியரைக் குறைத்து, "குனிஞ்சு கம்பிய இறுக்கிப் புடிங்க" என்று உரக்கச் சொன்னார். குரல் நடுங்கவில்லை. இடது பக்கம் நீர்த்தேக்கத்துப் பள்ளம், வலது பக்கம் மலை. அதன் பின்னர் பஸ்ஸை வலப்பக்கம் திருப்பி, தான் உட்கார்ந்திருந்த பக்கத்தையே மண்மேட்டில் உரச விட்டார். பஸ் நின்றது. அவருடைய கால் தகரத்துக்குள் மாட்டிக்கொண்டது. இழுக்கப் போனவர்களிடம், "மொதல்ல பிள்ளைகள எறக்குங்க" என்றார். பயணிகள் எல்லோரும் உயிரோடு இறங்கினோம்.

அவர் தூங்கிவிட்டார் என்று முதலாளி சொல்வது பொய். நான் முன் சீட்டில் இருந்தேன்.

நேற்று அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். உடைந்த காலில் தகடு வைத்திருக்கிறார்கள். விபத்தில் என் மகளுக்குப் பட்ட நெற்றிக் காயம் ஆறிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார்.

இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் 'சந்தேகநபர்' என்றிருந்தது. அவருக்குப் பெயர் இருக்கிறது, அதை எழுதுங்கள் என்றேன். இதை எழுதிய சார்ஜன்ட் அதை வெட்டி, 'கார்ட்டர்' என்று எழுதினார். இதிலுள்ளவை யாவும் நான் கண்டதும் கேட்டதும்தான், உண்மை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வீ. சுதர்ஷினி