முதலில் சொல்லும் உரிமை

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, வாழ்ந்து பார்த்து வழிகாட்டும் பெரியோர்களே, வாய் திறக்குமுன்பே எங்கள் வயிறறிந்த தாய்மார்களே, நாளைய நாட்டை நடத்தப்போகும் இளையோரே, இடமின்றி நின்றபடி கேட்கும் இனிய நெஞ்சங்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

நம்மைப் பற்றிய தகவல்களைத் திரட்டும் நிறுவனங்களுக்கு அரசு கடிவாளம் போடலாமா, கூடாதா? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. சட்டப் புத்தகத்தை விரித்து உங்களைத் தூங்கவைக்க எனக்கு மனமில்லை. என் தங்கையின் கதையைச் சொல்கிறேன்.

அவள் கணவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். ஊரையே மேலே ஏற்றிவிட்டுத் தாம் மட்டும் படியேறுகிற மனிதர். சிரியுங்கள், அவரும் சிரிப்பார்! அவர்களுக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்தது. தங்கையைவிட அவர்தான் அதிகம் அழுதார். ஆகவே மூன்றாம் முறை நாள் தள்ளிப்போனபோது அவள் ஒரு முடிவெடுத்தாள். குழந்தையின் இதயத்துடிப்பை மருத்துவர் காட்டிய பிறகுதான் அவரிடம் சொல்வது.

பெரிய கடையொன்றில் கர்ப்பத்தைச் சோதிக்கும் பட்டையும் சத்து மாத்திரையும் வாங்கினாள். "போன் நம்பர் சொல்லுங்க" என்றாள் பில் போடும் பெண். வங்கியோ, கேஸ் சிலிண்டரோ, எங்கே கேட்டாலும் கணவரின் எண்ணைச் சொல்லியே பழகிய வாய். அன்றும் அதையே சொல்லிவிட்டது. 'ஐயையோ' என்கிறாரே அந்த அம்மா, அவருக்குப் புரிந்துவிட்டது!

மறுவாரம், லிப்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்தவரின் போனுக்குச் செய்தி வந்தது. 'அப்பா ஆகப்போகிறீர்கள், வாழ்த்துகள்! தொட்டில்களுக்குத் தள்ளுபடி!' கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் அந்தச் செய்தியை அவளிடம் காட்டவில்லை. அவள் சொல்லவில்லை என்றால் காரணம் இருக்கும் என்று நினைத்தார். ஆனால் தண்ணீர் வாளியை அவளைத் தூக்கவிடவில்லை.

"என்னங்க, என்னைக்கும் இல்லாத அக்கறை?"

"சும்மாதான். உடம்புக்கு ஒரு வேலை வேணாமா?"

ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே பயம்! அதை இருவரும் தனித்தனியே சுமந்தார்கள் ஐயா! சேர்ந்து அழக்கூட வழியில்லை.

துடிப்பைக் கேட்ட அன்று ஓடிவந்தாள். "ஏங்க, ஒண்ணு சொல்லணும்..." அவ்வளவுதான். ஆச்சரியப்படுவதுபோல் நடிக்க வேண்டியவர் அழுதுவிட்டார். போனை எடுத்துக் காட்டினார்.

"என் வாயால சொல்லணும்னு எவ்வளவு ஆசையா இருந்தேன்! இதச் சொல்ல அந்தக் கடைக்காரன் யாருங்க?"

யார் அவன்? அதுதானே கேள்வி! தாய் அறிந்தால் சோறு போடுகிறாள். கடை அறிந்தால் தூண்டில் போடுகிறது. 'மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்' என்கிறார்கள். என் தங்கை மறைத்தது குற்றமா? களவா? கணவர்மேல் கொண்ட கனிவல்லவா!

என்ன தம்பி, 'அரசாங்கம் மட்டும் யோக்கியமா' என்கிறாயா? நல்ல கேள்வி. வேலியே பயிரை மேய்ந்த கதை நமக்கும் தெரியும். அதனால்தான் அரசையும் சேர்த்துக் கட்டும் சட்டம் கேட்கிறோம். கேட்காமல் எடுக்காதே! எடுத்ததை விற்காதே! அழி என்றால் அழித்துவிடு! இதைச் சொல்ல என் தங்கை ஒருத்தியால் முடியாது, சட்டத்தால் முடியும்.

இந்தக் கதையை மேடையில் சொல்லலாமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். "தாராளமா சொல்லுண்ணா. பாப்பா பேர மட்டும் சொல்லிடாத. அத அவ பெரியவளாகி, யார்கிட்ட சொல்லணுமோ அவளே சொல்லிக்கட்டும்" என்றாள்.

சொல்லவில்லை அம்மா. கூடப் பிறந்த நானே கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்கிறேன். யாரென்றே தெரியாத நிறுவனம் கேட்க வேண்டாமா? அதைக் கேட்க வைக்க ஓர் அரசு வேண்டாமா?

மூன்றாம் வரிசையில், அப்பாவின் தோளில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஆகவே உங்கள் கைதட்டலை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தாருங்கள். இவ்வளவு நேரம் செவியும் மனமும் தந்த உங்களுக்கு என் நன்றி, வணக்கம்.