திருடு போகாத லேப்டாப்

இல்லக்கா, காபி எல்லாம் வேணாம். இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். நீ பேச வேணாம், கேட்டுக்கிட்டா போதும். தம்பிகூடப் பேசறதில்லன்னுதானே முடிவெடுத்தே, காதையும் மூடிக்கறேன்னு சொல்லலையே. மாமா, நீங்க எழுந்திரிக்காதீங்க, டிவி பாருங்க. பாரு, சத்தத்தைக் குறைச்சுட்டாரு.

எங்க விட்டேன்? ஆங், லேப்டாப். ஸ்விட்சைப் போட்டா ஒரே கறுப்புத் திரை. நடுவுல சிவப்பு எழுத்துல, இந்த கம்ப்யூட்டர் திருடு போனதுன்னு. அதுலயும் 'இந்த'வுக்கு அப்புறம் வரவேண்டிய 'க்' விட்டுப்போச்சு. காலம் பூரா புரூஃப் பாத்தவனைத் திருடன்னு சொல்றவங்க, பிழையில்லாமலாவது சொல்லக் கூடாதா? அதுக்குக் கீழ, கண்டெடுத்தவர்கள் இந்த எண்ணுக்கு அழைக்கவும்னு ஒரு நம்பர். எனக்கு வேற வழி தெரியல. வீட்டு லேண்ட்லைன்லேர்ந்து போட்டேன். என் சட்டைப் பையிலயே அடிக்குது.

சொல்றேன் இரு. வாங்கினப்பவே திருட்டுத் தடுப்பு சாஃப்ட்வேர்னு ஒண்ணு சேத்துக் குடுத்தாங்க. அது எப்படின்னா, அப்பப்ப இந்த லேப்டாப் அந்தக் கம்பெனிக்கு, நான் என் வீட்லதான் இருக்கேன்னு ஒரு தகவல் அனுப்பும். அங்கேர்ந்து சரின்னு பதில் வரும். வந்தா எல்லாம் சுமுகம். நடுவுல அந்தக் கம்பெனி இந்த வேலையையே நிறுத்திட்டாங்க. இது பாவம், விஷயம் தெரியாம கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு. பதில் வரல, வரல, வரவே இல்ல. சரி, நம்மள யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு அதுவா முடிவு பண்ணி, கதவைச் சாத்திக்கிச்சு. ஏன் அப்படிப் பாக்கற? நான் லேப்டாப்பைத்தான் சொல்றேன்.

உள்ளயா? என் பொழப்பே உள்ளதான் இருந்துச்சு. பயிர் நோய் பத்தி ஒரு தடிப் புத்தகம். எந்த நோய் எந்தப் பக்கத்துல இருக்குன்னு கடைசில அடுக்கிக் குடுப்போமே, அந்த வேலை. இலைப்புள்ளில ஆரம்பிச்சு வாடல் நோய் வரைக்கும் வந்துட்டேன், முடியற நேரம். பதிப்பாளர் விடாம போன் பண்றாரு. முதல்ல சார்னாரு, அப்புறம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு, அப்புறம் வெறும் ஹலோதான்.

கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். முதல் கடைல அந்தச் சிவப்பு எழுத்தைப் படிச்சுட்டு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. பில் இருக்கான்னாரு. இருக்கு, ஸ்கேன் பண்ணி லேப்டாப்புக்குள்ளதான் வச்சிருக்கேன்னேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா கைப்பையை இழுத்து மடியில வச்சுக்கிட்டாங்க.

அடுத்த கடைக்காரர் கொஞ்சம் விவரமானவர். கம்பெனி நிறுத்தறதுக்கு முன்னாடி பூட்டைத் திறக்கற எண்ணை எல்லாருக்கும் அனுப்பிச்சிருக்காங்க, தேடிப் பாருங்கன்னாரு. எனக்கு வந்தது பழைய ஆபீஸ் மெயிலுக்கு. நான் ரிட்டயர் ஆன கையோட அதை மூடிட்டாங்க. வாங்கறப்ப நம்பகமான ஒருத்தர் நம்பர் வேணும்னு கேட்டிருப்பாங்களே, அதுக்கும் ஒண்ணு போயிருக்கும்னாரு.

ஆமா. உன் நம்பர்தான்.

வேற யாரைப் போடச் சொல்ற? என் வீட்ல நான் இருக்கேன், ஃபிரிட்ஜ் இருக்கு. ஃபிரிட்ஜுக்கு நம்பர் கிடையாது.

அப்ப நாம பேசிக்கிட்டுத்தானே இருந்தோம். அப்புறம்தானே அந்த ஆபரேஷன். நெஞ்சைப் பொளந்து தச்சு, வீட்டுக்கு வந்து நிமிந்து உக்காந்தப்புறம் உனக்குச் சொல்லலாம்னு இருந்தேன். உன் தையல்காரம்மாவோட மருமக அந்த ஆஸ்பத்திரில நர்ஸா இருப்பான்னு நான் என்ன கனவா கண்டேன்? அளவு எடுக்கறப்ப, தம்பிக்கு இப்ப தேவலையான்னு உன்னையே கேட்டாங்களாம். கூடப் பொறந்தவன் விஷயத்தை ஊசியும் நூலும் வச்சுக்கிட்டு யாரோ சொல்றாங்க, அப்ப நானும் யாரோதான், யாரோவாவே இருந்துக்கறேன்னு போனை வச்சே. நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல. அப்பவும் இதைத்தான் சொன்னேன், எடுபடல. சரி விடு. அதைக் கிளற வரல.

போனை எடுத்துட்டியா? தேடு. நீ எதையும் அழிக்கமாட்டே, மளிகைக்கடை மெசேஜ் முதக்கொண்டு வச்சிருப்பே. கண்ணாடி உன் தலைமேலதான் இருக்கு. கீழ போ. இன்னும் கீழ. அது கேஸ் சிலிண்டர். இன்னும். அதோ, இங்கிலீஷ்ல நீளமா இருக்கு பாரு, அதேதான். ஏதோ ஏமாத்து வேலைன்னு நினைச்சியா? நினைச்சும் அழிக்கல பாத்தியா.

படிக்க வேணாம்க்கா. இருக்கட்டும்.

லேப்டாப்பா? கொண்டு வரல. அந்தப் பிரச்சினை போன வாரமே சரியாயிடுச்சு. அந்த விவரமான கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வேற லேப்டாப்ல மாட்டிக் குடுத்துட்டாரு. எல்லாம் அப்படியே இருந்துச்சு. வாடல் நோயையும் முடிச்சு அனுப்பிட்டேன். பதிப்பாளர் மறுபடி சார்ங்கறாரு.

இந்தப் பையா? இதுல ரெண்டு சட்டை, ஒரு துண்டு, கொஞ்சம் மாத்திரை. அன்னிக்கு ஆபரேஷன்ல சரி பண்ணின ரத்தக்குழாய்ல ஒண்ணு திரும்ப அடைச்சுக்கிச்சாம். நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்துடுங்கன்னுட்டாங்க. சின்ன வேலைதான்னு டாக்டர் சொல்றாரு. போன தடவையும் அதைத்தான் சொன்னாரு. இந்தத் தடவை உள்ள போறதுக்கு முன்னாடியே உன்கிட்ட சொல்லிடணும்னு கிளம்பி வந்தேன். வாசல்ல உன்னைப் பாத்ததும் வாயில லேப்டாப்தான் வந்துச்சு.

எங்கக்கா போற? மாமா, நீங்க எதுக்கு வண்டிச் சாவியைத் தேடறீங்க? செருப்பைக் கழட்டிட்டு வந்து உக்காருக்கா. நாளைக்குக் காலைலதான்.