நூற்று ஆறு டிகிரி

இந்த வருடம் மக்காச்சோளம் நன்றாக வந்திருக்கிறது. ஜூலை இன்னும் முடியவில்லை, அதற்குள் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் குட்டி விமான மன்றத்தின் ஓடுபாதைக்கு மூன்று பக்கமும் சோளம்தான். ரிமோட்டில் ஓட்டும் குட்டி விமானம் அதற்குள் விழுந்துவிட்டால், பத்தடி பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது. நீங்களும் இண்டியானாக்காரர்தானே, உங்களுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

காப்பி வேண்டாம் ஆபீசர், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

லோரன் டிட்மர் விமானம் ஓட்டும்போது பின்னால் நின்று சூடு சொல்கிற வேலை என்னுடையது. பத்தொன்பது வருடமாகச் செய்தேன். ஓட்டுகிறவன் வானத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாதல்லவா. இன்ஜினின் தலையில் ஒரு சின்ன உணரி இருக்கும். அது அனுப்பும் எண் என் கையிலுள்ள கருவியில் தெரியும். இருநூற்று முப்பது டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் கவலையில்லை. முன்னூறைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் வானத்திலேயே நின்றுபோகும். மற்றவர்கள் இதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். லோரன் முப்பது வருடம் தகடு அடிக்கும் ஆலையில் இருந்து காதைக் கெடுத்துக்கொண்டவன். கீச்சுச் சத்தம் எதுவும் அவனுக்குக் கேட்காது. என் குரல் கேட்கும். அவன் தோளுக்குப் பின்னால் நின்று அடித்தொண்டையில் சொல்ல நான் பழகியிருந்தேன்.

அந்தப் பத்தொன்பது வருடத்தில், அந்தக் கடைசி நாள்வரை, ஓர் எண்ணைக்கூட நான் தப்பாகச் சொன்னதில்லை. என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, வாரத்தில் எனக்கென்று இருந்த ஒரே நாள் நாங்கள் விமானம் ஓட்டும் செவ்வாய்க்கிழமை. அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மாலை லோரனின் மனைவி நோரீன் ஃபோன் செய்தாள். "கார்லண்ட், இவருக்கு இதயத்துக்கு வேற மாத்திரை குடுத்திருக்காங்க. வெயில்ல அலையவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் சொன்னா எங்க கேக்குறார்? நீங்கதான் பாத்துக்கணும்." பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் மைதானத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். வேலைநாளில் வேறு யார் வருவார்கள்? முட்டை சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே லோரன் சொன்னான்: "டேய், புது ரிமோட் வாங்கிட்டேன். வியாழக்கிழமை வருது. சூட்டை அதுவே பேசிச் சொல்லிடுமாம்டா. காதுக்குள்ள மாட்டிக்கிட்டா எனக்கே கேக்குமாம். அதுவும் பொம்பளைக் குரல்." சிரித்தான். "இனிமே நீ என் பின்னாடி கால்கடுக்க நிக்க வேணாம். ஜம்முனு நிழல்ல உக்காந்து வேடிக்கை பாரு."

நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வயிறு எரிந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று அவன் எரிபொருள் திருகை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தான். அப்படி இறுக்கினால் இன்ஜின் சீக்கிரம் சூடேறும். பார்த்தேன், சொல்லவில்லை. விமானம் மேலே போய் நான்கு சுற்று வருவதற்குள் கருவியில் இருநூற்றுத் தொண்ணூறு வந்துவிட்டது.

"எவ்வளவுடா?" என்றான்.

"இருநூத்து முப்பது."

"இந்த வெயில்லயா?"

"நீ நல்லா திருகியிருக்கே" என்றேன். அவனுக்குச் சந்தோஷம். முன்னூற்று நாற்பதில் இன்ஜின் நின்றது. விமானம் மைதானத்தை ஒட்டி ஓடும் சின்ன ஓடைக்கு அந்தப் பக்கம் சோளத்துக்குள் இறங்கியது.

அதுவரை, விமானத்தை விழவைத்தால் என் கோபம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்ததைத் தேடி ஓட்டியவன் போவான். சூடு சொன்னவன் நின்ற இடத்திலிருந்து அசையாமல், விமானம் விழுந்த திசையில் கையை நீட்டியபடி நிற்பான். அவன் அசைந்தால் திசை போய்விடும். உள்ளே போகிறவன் நடக்க நடக்க மேலே சோளப்பூ ஆடும். அதைப் பார்த்து வாக்கி டாக்கியில் வழி சொல்ல வேண்டும். வழக்கப்படி நான் அசையவில்லை. லோரன் அவசரத்தில் தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போனான். அது என் காலடியில் இருந்தது.

விழுந்த பிறகும் உணரிக்கு உயிர் இருந்தது. எண் விட்டுவிட்டு வந்தது. முன்னூறு, இருநூறு, நூற்றைம்பது. கடைசியில் நூற்று ஆறுக்கு வந்து, அதற்குக் கீழே இறங்கவில்லை. இன்ஜின் ஆறி முடித்துவிட்டது. இனி அது சொல்வது சோளக்காட்டின் சூட்டை. உள்ளே துளிக் காற்று கிடையாது.

லோரன் விமானத்துக்கு எட்டு வரிசை தள்ளி வந்தபோது, வலது பக்கம் திரும்பச் சொல்ல வேண்டும். இடது பக்கம் என்றேன். அதன் பிறகு எங்கேயெல்லாம் திரும்பச் சொன்னேனோ அங்கேயெல்லாம் திரும்பினான்.

"கார்லண்ட், தலை சுத்துதுடா. திரும்பி வந்துடட்டுமா?"

கருவியைப் பார்த்தேன். நூற்று ஆறு. "கிட்ட வந்துட்டே. இன்னும் இருபது வரிசைதான்."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "எந்தப் பக்கம்னு சொல்லுடா. நீ சொல்லாம எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றான். சொன்னேன். இன்னும் உள்ளே போனான். பிறகு சோளப்பூ ஆடவில்லை.

அதன் பிறகும் அரை மணி நேரம் கையை நீட்டியபடி நின்றேன். கை வலித்தது. அப்புறம்தான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்தேன்.

விபத்து என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள், தெரியும். அந்தக் கருவி எல்லா எண்களையும் நேரத்தோடு சேமித்துவைக்கும். நீங்கள் கேட்கவில்லை, நானே கொண்டுவந்திருக்கிறேன். அதில் இருப்பதையும் நான் இப்போது உங்களிடம் சொன்னதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றுகூட மாறியிருக்காது.

அடக்கத்தன்று நோரீன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கடைசிவரை அவரோடு இருந்தீர்களே என்று அழுதாள். வியாழக்கிழமை வந்த புது ரிமோட்டையும் எனக்கே கொடுத்துவிட்டாள். பெட்டியை நான் பிரிக்கவில்லை. சோளத்துக்குள் நடந்த அந்த நாற்பது நிமிடமும் என்னைக் கேட்காமல் லோரன் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அந்தப் பொம்பளைக் குரல் அவனை இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.