வண்டுத்துரை மூட்டிய தீ

கேளுங்கள் மக்களே. பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில், கடலோரம் சிற்றாழிக்குடி என்றோர் ஊர் இருந்ததாம். வெயில் மண்ணைத் தொடாத தென்னந்தோப்பு அது என்பார்கள்.

அங்கே கப்பலேறி வந்து குடியமர்ந்தாராம் எல்மார் என்னும் வெள்ளைக்காரர். வண்டையும் புழுவையும் ஆராய்வதே அவருக்குப் பூசை. ஊரார் வண்டுத்துரை என்றே அழைத்தார்களாம்.

அவ்வூரில் பிள்ளை பிறந்தால் ஒரு தென்னை நடுவார்கள். அம்மரம் பிள்ளைக்கு உடன்பிறப்பு. பட்டுப்போனால் எரிக்கமாட்டார்கள், பச்சிளம் பாலகரைப்போல மணலில் புதைப்பார்கள். துரையும் தம் மகள் அன்னாவுக்கு ஒன்று நட்டார். மகள் வாந்திபேதியில் போனாள். மரம் நின்றது. அதைத் தடவிக்கொண்டே அவர் உயிர் தரித்திருந்தாராம்.

ஓராண்டு, கொம்பு முளைத்த கருவண்டு வந்து குருத்துகளைக் குடைந்தது. எங்கே பிறக்கிறது இது? துரை தேடினார், தேடினார், தேடிக் கண்டார். புதைத்த மரமொன்றைத் தோண்டிப் பிளந்தார். உள்ளே கொழுத்த வெண்புழுக்கள்!

"பெரியவரே, வண்டின் குஞ்சு இதுதான். பட்ட மரங்களை எரித்துவிடுங்கள். தோப்பு பிழைக்கும்."

ஊர்த்தலைவர் தில்லைவிடங்கனார் சிரித்தாராம். "துரை, புதைச்ச உடம்புல புழு வைக்காம பூவா பூக்கும்? பெத்த புள்ளைக்கு எவனாவது கொள்ளி வைப்பானா?"

அங்கே நின்ற அஞ்சலை என்னும் தாயும் கேட்டாளாம்: "உங்க மக மரமா இருந்தா எரிப்பீகளாய்யா?"

அந்த மழைக்காலத்திலேயே அன்னாவின் மரமும் பட்டது. துரை அதன் தூரைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாராம். தாமே வெட்டினார். ஊர் பார்க்க, 'அன்னா' என்று ஒருமுறை கூப்பிட்டுத் தாமே தீ மூட்டினார். எரிந்தது, எரிந்தது, அடியோடு எரிந்தது.

ஊரே அழுதது. சாவு வீட்டுக்கு அனுப்புவதுபோல் அவருக்குக் கஞ்சி அனுப்பியது. ஆனால் ஒருவரும் தங்கள் மரத்தை எரிக்கவில்லை.

"நானே எரித்துவிட்டேனே, அம்மா! இனியுமா எரிக்கமாட்டீர்கள்?" என்றாராம் துரை, அஞ்சலையிடம்.

அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தன் புள்ளைக்கே தீ வச்ச கை. அந்த வாய் சொல்றதையா நாங்க கேக்கணும்?"

அதன்பின் அவருடன் எவரும் பேசவில்லை என்பார்கள். ஈசன் திருவுளம் எதுவோ, யாரறிவார்? மரங்கள் மொட்டைக் கம்பங்களாயின. குடிகள் ஒவ்வொன்றாக அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பெயர்ந்தன. துரை மட்டும் அங்கேயே கிடந்து மாண்டாராம்.

அந்த ஊர்களில் இன்றும் தென்னை பட்டால் அன்றைக்கே எரித்துவிடுகிறார்கள். எரிக்குமுன் 'அன்னா' என்று ஒருமுறை கூப்பிடுவார்கள். அது யார் பெயரென்று அவர்களுக்குத் தெரியாது. சிற்றாழிக்குடியில் அப்படிக் கூப்பிடுவாரில்லை. அங்கே எரிப்பதற்கு மரமுமில்லை.