வரைபடத்தில் விட்டுப்போன ஃபியோர்டு

அக்டோபர். பிற்பகல் மூன்று மணி. வெளிச்சம் அவ்வளவுதான், போய்விட்டது. கிழக்கு கிரீன்லாந்தின் ஆளரவமற்ற கடல்வழியில் ஒரே ஒரு படகு...

ஓட்டியவர் யுஸ்துஸ். என் நண்பன் ஏனோக்கின் சித்தப்பா. சீல் வேட்டைக்காரர், எதற்கும் அசையாத ஆள். கூட இருந்தவர் ஹெனிங். வரைபடத்தில் இடப்பெயர்களை நிரப்ப டென்மார்க்கிலிருந்து வந்தவர். மலைகளைப் பிளந்து கடல் புகுந்திருந்த ஒவ்வொரு ஃபியோர்டுக்கும் யுஸ்துஸ் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார்.

குறுகலாக ஒன்று வந்தது. உள்ளே கும்மிருட்டு. யுஸ்துஸ் இன்ஜினை அணைத்தார். ஹெனிங் நிமிர்ந்து பார்த்தார்.

“இதுக்கு?”

“பேரில்ல.”

“பாறைக்கெல்லாம் பேர் வெச்சிருக்கீங்க, இதுக்கு இல்லையா? சொன்னா நாக்கு அழுகிடுமா?”

யுஸ்துஸுக்குத் தெரியும். ஒரு பஞ்சக் குளிர்காலத்தில் அங்கே ஒரு குடும்பமே செத்தது. கடைசிவரை மிஞ்சியவனின் பெயர்தான் அந்த இடத்துக்கும். இறந்தவர் பெயரை ஒரு குழந்தைக்குச் சூட்டும்வரை யாரும் உச்சரிப்பதில்லை. அவன் பெயரை எந்தக் குழந்தைக்கும் சூட்டவில்லை. எதைத் தின்று அவன் மிஞ்சினான் என்பது ஊருக்கே தெரியும்.

ஆனாலும் கிண்டல் உறுத்தியது. ஒரே ஒரு தடவை, மெல்லச் சொன்னார். ஹெனிங் எழுதிக்கொண்டார்.

இருட்டுக்குள்ளிருந்து... “ம்?”

தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் கேட்பதுபோல.

பிறகு சளக்... சளக்... துடுப்பு. இப்போது யாரும் ஏற்றாத சீல் எண்ணெய் விளக்கின் புகை நாற்றம். யுஸ்துஸ் இன்ஜின் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில்தான் பிடித்தது. ஹெனிங் எழுதியதைத் தானே அடித்துவிட்டார்.

நான்காம் நாள் யுஸ்துஸின் மகள் தொர்த்தேயாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்ததிலிருந்து ஓயாத அழுகை. அழும் குழந்தை தன் பெயரைக் கேட்கிறது என்பார்கள் அங்கே. இறந்துபோன சொந்தங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் காதில் சொல்லிப் பார்த்தார்கள். அடங்கவில்லை. ஐந்து நாள்... பால் இறங்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது.

“அப்பா, வேற ஏதாவது பேர் தெரியுமா? தெரிஞ்சா சொல்லிடுங்கப்பா. இவன் தங்க மாட்டான்.”

யுஸ்துஸ் எல்லோரையும் வெளியே அனுப்பினார். காதருகே குனிந்தார். வாயைத்தான் திறந்தார்... அழுகை நின்றது. அதன்பிறகுதான் பெயரைச் சொன்னார்.

அன்று குழந்தை வயிறு முட்டக் குடித்துவிட்டு உறங்கியது. தொர்த்தேயா அப்பாவைக் கூப்பிட்டு, சட்டையை விலக்கிக் காட்டினாள். மார்பில் பல் தடம். மேலே ஆறு, கீழே ஆறு.

யுஸ்துஸ் குழந்தையின் வாயைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தார். வெறும் ஈறு.