டீக்கடை கேசட்டில் வந்த குரல்

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர், "எங்க வீட்டுக்காரரு பாடுவாருன்னு நேத்துதான்க்கா எனக்குத் தெரிஞ்சுது" என்றார். "கல்யாணமாகி பதினாறு வருஷம் ஆச்சு."

பக்கத்திலிருந்தவர் பூ கட்டுவதை நிறுத்தினார். "யாரு, மோட்டார் ரிப்பேர் பண்றவரா?"

"அவரேதான். வேங்கிக்கால் டீக்கடையில கேசட் ஓடிச்சு. கொரலைக் கேட்டதும் அப்படியே நின்னுட்டேன். எல்லாம் அவரே கட்டின பாட்டு. கடைக்காரரு திருப்பித் திருப்பிப் போடறாரு. டீ குடிச்சவங்க யாரும் எழுந்திருக்கல."

"வீட்ல கேட்டியா?"

"கேட்டேன். டவுன்ல பதிவு பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சாம். ஒருத்தரும் வாங்கலையாம். டீக்கடைக்காரருக்கு ஒண்ணு சும்மா குடுத்தாராம். வெக்கப்பட்டு எங்கிட்ட சொல்லலையாம்."

"அப்புறம்?"

"சோத்தப் போட்டுட்டு, பாடினாதான் கொழம்புன்னேன். பாடினாரு. என்னைப் பத்திதான்க்கா பாட்டே. பொண்ணு பாக்க வந்தப்ப நான் செவப்புப் பொடவை கட்டியிருந்தேன்னு வருது. அது பச்சைங்கன்னேன். மெட்டுல செவப்புதான் ஒக்காருதுன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"சரி, செவப்பாவே இருக்கட்டும்னுட்டேன்."