இறாலுக்கு எதற்குத் தவக்காலம்?

அலை ஓயாத கடலோரத்தில் தலை சாயாத தலைமையாய் வீற்றிருக்கும் எங்கள் இறால் வளர்ப்போர் சங்கத் தலைவர் சிலுவைதாசன் அவர்களே! அந்தத் தலைமையையே வீட்டில் தலையாட்ட வைக்கும் அவருடைய துணைவியார், எங்கள் மகளிர் குழுவின் தூண் கிரேசி அக்கா அவர்களே! வலையோடு வாழ்ந்து வயதில் மூத்த பெரியவர்களே! மீன்சந்தையில் குரலாலேயே கோட்டை கட்டும் தாய்மார்களே! ஆரல்வாய்மொழிக் காற்றாலைக்கே காற்று வரும்படி கைதட்டும் இளைஞர்களே! மகளிர் குழுச் செயலாளர் ஜெபகுமாரியின் பணிவான வணக்கம்!

எதற்காகக் கூடியிருக்கிறோம்? கோட்டை பிடிக்கவா? கொடி ஏற்றவா? இல்லை! குளத்து இறாலுக்குப் போடும் தீவனத்தில் புரதம் எதிலிருந்து வர வேண்டும் என்று முடிவெடுக்க! சிரிக்காதீர்கள். போன அறுவடை போல இந்த அறுவடையும் அழிந்தால், நாங்கள் பெண்களாகச் சேர்ந்து வெட்டிய குளத்தை மண் போட்டு மூடி, அதன்மேல் ஷட்டில் கோர்ட் கட்டுவதாகச் சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. எங்கள் பிழைப்பின் மேல் இறகுப்பந்து ஆடப் போகிறார்கள்.

நடந்தது என்ன? தவக்காலம் தொடங்கியதும் தலைவர் குளத்தங்கரைக்கு வந்தார். "ஏட்டி ஜெபகுமாரி, ஊரே கவிச்சி தொடாம கெடக்கு. நம்ம எறாலு மட்டும் மீன்தூளு திங்கலாமா? அதுவளும் நம்ம கோயில் பங்கு மக்கதான், கேட்டியா?" என்றார். மீன்தூள் மூட்டை போனது. சோயாத்தூள் மூட்டை வந்தது.

பக்தி பெருகியதா? பசி பெருகியது! போட்ட சோயா போட்டபடி கிடந்தது. வளரும்போது மேல்ஓட்டைக் கழற்றிய இறாலை, ஓடு கழற்றாத இறால் தின்றது. அண்ணன் தம்பியைத் தின்றான், மாமியார் மருமகளைத் தின்றாள்! யாரது, "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்பது? பெனிஷ் தம்பி, உன் அம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். சைவமாக்கப் போய், சொந்தபந்தத்தைத் தின்ன வைத்துவிட்டோம் ஐயா!

கிரேசி அக்கா சொன்னார்: "நாம சண்ட போடாண்டாம். திங்கியதுகிட்ட கேளுங்க." கேட்டோம். மூன்று தட்டுகளைக் குளத்தில் இறக்கினோம். ஒன்றில் சோயா. ஒன்றில் மீன்தூள். ஒன்றில் எங்கள் குழுவின் பெமிலா தீவனத்துக்காக வளர்க்கும் ஈப்புழுவைக் காயவைத்துப் பொடித்து, ஒரு பிடி மீன்தூள் கலந்தது. ஓட்டுச்சாவடி போலத் தட்டுக்கு ஓர் ஏஜென்ட்டாகக் கரையில் குடை பிடித்து உட்கார்ந்தார்கள். தூக்கிப் பார்த்தால் சோயா அப்படியே இருந்தது, மீன்தூள் பாதி இருந்தது, புழுத்தட்டு கழுவிக் கவிழ்த்தது போல் இருந்தது!

தலைவர் என்ன தீர்ப்புச் சொன்னார்? "இந்த ஓட்டு செல்லாது. ஓட்டுப் போட்டதுல ஒண்ணுக்கும் பதினெட்டு வயசு ஆவல்ல!" இதைவிடக் கொடுமை, புழு புலாலா காய்கறியா என்று மார்த்தாண்டத்திலிருந்து ஆள் வரவழைத்து, சாயங்காலம் வரை விவாதித்தார்கள். அதற்குள் குளத்தில் எத்தனை குடும்பம் குறைந்ததோ!

மீன்தூளே போடலாமே என்கிறீர்களா பெரியவரே? குஞ்சுச் சாளை மீனை எல்லாம் அள்ளிப் பொடித்துவிட்டால், நாளைக்கு நம் சட்டியில் என்ன கொதிக்கும்? புழு அருவருப்பு என்கிறீர்களா தாயே? உங்கள் இலையிலா பரிமாறச் சொன்னேன்? நம் நாக்கைக் கேட்டோம். நம் நோன்பைக் கேட்டோம். தின்கிற வாயைக் கேட்டோமா? கேட்டும் மதித்தோமா? நோன்பு நமக்கு! தீவனம் இறாலுக்கு! நம் புண்ணியத்துக்கு அதன் வயிற்றைக் காயப்போட நாம் யார்?

கைதட்டல் போதும். தட்டுகிற கை எனக்கு வேண்டாம், தூக்குகிற கை வேண்டும்! மேடைக்குப் பின்னால் புழுத்தூள் மூட்டைகள் இருக்கின்றன. தீர்மானம் நாளைக்கு எழுதலாம், இறால் நாளைவரை இருக்காது. யார் வருகிறீர்கள்?

அதோ, கிரேசி அக்கா எழுந்துவிட்டார்! முந்தானையைச் செருகிவிட்டார்! மேடையைப் பார்த்து ஏதோ சொல்கிறார்... "ஓய், அந்தப் பொன்னாடைய அவுத்து வச்சிட்டு வாரும். மூட்ட கனமாக்கும்!"

தலைவரும் எழுந்துவிட்டார்! தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது! காது கொடுத்த அனைவருக்கும் நன்றி, தோள் கொடுக்கப் போகிறவர்களுக்கு இரட்டை நன்றி. மைக்கை யாராவது அணையுங்கள், நான் குளத்துக்கு ஓடுகிறேன். வணக்கம்!